பெயர் வரும் இடத்தில் ஒரு தட்டு

தாராவியில் சிராஜ் நடத்தியதை ரேடியோ என்று சொன்னால் அரசாங்கம் சிரிக்கும். அறுபதடி ரோட்டுப் பக்கம் ஒரு கேசட் கடை. அதிலிருந்து வயர் இழுத்து, சந்திலிருந்த தோல்பைப் பட்டறை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பீக்கர். காலையில் பக்தி, மத்தியானம் சினிமா. நாலு மணிக்கு மட்டும் மைத்துனன் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த அமெரிக்கக் கேசட். எந்தப் பாட்டு எப்போது என்று முடிவு செய்கிறவனுக்குப் ‘புரோகிராமர்’ என்று பெயராம். யாரோ இதை அவன் காதில் போட்டுவைக்க, எண்பத்தாறாம் வருஷம் பூராவும் அவன் நடையே வேறாக இருந்தது.

“ஹிப்-ஹாப்பாம். பாடுதானா, சண்டைக்கு வாரானா, ஒண்ணும் பிடிபடலை,” என்பார் உதுமான் சேட். பெரிய பட்டறைக்காரர். சிராஜின் கடை இருந்த அறையும் அவருடையதுதான். ஆனாலும் நாலு மணிக்குத் தையல் மெஷின்கள் வேகமெடுப்பதைப் பார்த்துச் சும்மா இருந்துவிடுவார்.

அடுத்தவன் பாட்டைப் போட்டுக்கொண்டே இருந்தால் போதுமா? தமிழில் தானே ஒரு கேசட் தயாரிக்க வேண்டும் என்று சிராஜுக்குக் கிறுக்குப் பிடித்தது. இரண்டு டேப்ரிக்கார்டரைப் பக்கம் பக்கமாக வைத்து, அமெரிக்கக் கேசட்டில் கொட்டு மட்டும் வருகிற இத்தனூண்டு இடத்தை ஒன்றிலிருந்து மற்றதில் எடுப்பான். பட்டனை அழுத்தி நிறுத்துவான். பின்னால் ஓட்டி அதையே மறுபடி எடுப்பான். நாள் முழுக்க உட்கார்ந்தால் ஒரு பாட்டுக்குத் தாளம் தேறும். அந்தத் தாளத்தின்மேல் பேசத்தான் ஆளில்லை. சந்தில் டான்ஸ் ஆடித் திரிந்தவர்களெல்லாம் மைக்கைக் கண்டதும் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தார்கள்.

அப்போதுதான் எதிர்வீட்டு முருகம்மாள் வாசலில் இறங்கினாள். இட்லி விற்கிறவள். உதுமான் பட்டறையின் கழிவுத்தோல் சாக்கடையை அடைத்து, தண்ணீரெல்லாம் அவள் வாசலில் நின்றது.

“தோலை வெட்டுத, துண்டைக் கொட்டுத, சாக்கடை அடைக்குது, என் வாசல்ல கிடக்குது. உதுமானு, நீயெல்லாம் ஒரு சேட்டா, ஏ உதுமானு?”

சிராஜின் கை தானாக ரிக்கார்ட் பட்டனுக்குப் போயிற்று. நாமாக இருந்தால் அதைத் திருட்டு என்போம். தயாரிப்பாளர்கள் வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

மறுநாள் கடையைச் சாத்திக்கொண்டு தாளத்தின்மேல் அவள் பேச்சை ஏற்றினான். அளவெடுத்துத் தைத்ததுபோல் சேர்ந்தது. சொக்கிப்போனவன், பட்டறைகளுக்குப் போகிற லைனை அணைக்க மறந்துவிட்டான். சந்து முழுக்க முருகம்மாள் ஏசினாள். உதுமான் சேட்டின் சொந்த ஸ்பீக்கரில், அவருடைய சொந்தத் தையல்காரர்கள் நடுவே.

மெஷின்களெல்லாம் நின்றுபோனது சிராஜுக்கு உறைத்தபோது சேட் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். கடை போனால் அவனுக்குப் போக்கிடம் டிராம்பேயில் மாமனாரின் பழைய இரும்புக் கடைதான். அங்கே வீட்டோடு மாப்பிள்ளையாகத் தராசு பிடிக்க வேண்டும். மாமனார் அந்த நன்னாளுக்காகவே காத்திருந்தார். சிராஜ் கதவைத் திறந்துவிட்டு, கேட்காமலே சாவியை மேஜைமேல் வைத்தான்.

“என் பேரு எத்தனை தடவ வருது?”

“எட்டு, முதலாளி.”

“அவ ரெண்டு தடவதான சொன்னா? நான் உள்ள இருந்து கேட்டுக்கிட்டுதான இருந்தேன்.”

“மத்தது ரிப்பீட்டு, முதலாளி. ஹிப்-ஹாப்புல அப்படித்தான்.”

“அப்போ அவ ஏசினது ரெண்டு, நீ ஏசினது ஆறு.”

சிராஜ் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். கணக்குச் சரிதான்.

“பேரை எடுத்துருலே,” என்றார் சேட், குரலைத் தாழ்த்தி. “ஆசையா இருந்தா அடுத்த சந்துப் பட்டறைக்காரன் கரீம் பாட்சா பேரைப் போட்டுக்கோ.”

அவ்வளவுதானா? சிராஜுக்குப் போன உயிர் பாதி திரும்பியது. மீதியை வாசலில் முருகம்மாள் மறித்துக்கொண்டு நின்றாள்.

“கரீம் பாட்சா எனக்கு என்ன செஞ்சாரு? செய்யாதவரை ஏச எனக்கு வாய் வராது, பாத்துக்கிடுங்க. சாக்கடையை எடுத்துவிடுங்க, சேட்டு. பேரை எடுத்துக்கிடலாம்.” பிறகு சிராஜிடம் திரும்பினாள். “கேக்காம பிடிச்சியே, அதுக்கு உனக்குப் பொறவு இருக்கு.”

சாயங்காலமே கடப்பாரையோடு ஆட்கள் வந்தார்கள். வாசல் காய்ந்தது.

முருகம்மாளும் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு, பெயரை விட்டுவிட்டு மறுபடி பேச வந்தாள். வயிற்றெரிச்சல் தீர்ந்துவிட்டதே, பேச்சில் காரம் எங்கிருந்து வரும்? கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி ஏசினாள். “வேண்டாம்க்கா, பழசே இருக்கட்டும்,” என்று அவளைக் கெஞ்சி அனுப்பிவிட்டு, பழைய டேப்பில் பெயர் வருகிற இடத்தில் மட்டும் அதை அழித்து, ஓங்கி ஒரு கொட்டு வைத்தான் சிராஜ்.

சேட் வந்து முழுசாக உட்கார்ந்து கேட்டார். பெயர் இல்லை. “இப்பத்தான் மரியாதை,” என்று சாவியை அவன் பக்கம் தள்ளினார். அன்றைக்கு சிராஜ் விட்ட மூச்சில் மேஜைமேல் கிடந்த கேசட் அட்டைகள் பறந்ததாகக் கேள்வி.

கேசட் மாட்டுங்காவரை போயிற்று. அடுத்த மாசம் செம்பூரில் ஒரு கல்யாணம். சிராஜ்தான் பாட்டுப் போடுகிறான். பந்தியில் உதுமான் சேட். கொட்டு வந்தது. தாராவிக்காரர்கள் ஒரே குரலில் அந்த இடத்தை நிரப்பினார்கள்: “உதுமானு.” அடுத்த கொட்டுக்கு, அவர் யாரென்றே தெரியாத செம்பூர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

சிராஜின் விரல் நிறுத்துகிற பட்டன்மேல் போயிற்று. சேட் பிரியாணித் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“செம்பூர்லயும் நம்மளத் தெரிஞ்சிருக்கு, பாத்தீரா வே,” என்றார் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம்.

சிராஜ் பட்டனிலிருந்து விரலை எடுத்து, வால்யூமைக் கொஞ்சம் கூட்டினான்.