ஈரம் காயாத இருபத்து நான்கு பெஞ்சுகள்

1.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு வானத்திலிருந்து இறங்கவில்லை. ஆலயத்தில் ஜெப நேரத்தில் கண்ணை மூடாமல் இருந்ததால் கிடைத்தது. முதல் வரிசைப் பெஞ்சின் மேல் கை வைத்திருந்தேன். விரலுக்கடியில் வார்னிஷ் கொஞ்சம் நெருடியது. குனிந்து பார்த்தால், பளபளப்புக்கு நடுவே ஒரு கட்டைவிரல் ரேகை. யாருடையது என்று எனக்குத் தெரியும். என் அக்காவுடையது.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் போதகர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஆலய மலருக்கு மூன்று பக்கத்தில் ஒரு கதை வேண்டுமாம்.

"உழைப்பும் ஓய்வும், அதுதாம்மா விஷயம். கடைசியில ஒரு பாடம் இருக்கட்டும்."

பாடம் எடுப்பது வாரம் ஐந்து நாள் நான் பள்ளிக்கூடத்தில் செய்கிற வேலை. கதையிலும் அதையே செய்யச் சொன்னால் எரிச்சல் வராதா? ஆனால் ஐயாவிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

2.

தொடக்கங்கள்:

"உழைப்பின் மேன்மையைப் பற்றி ஆன்றோர் பலர்…" (வேண்டாம். இதை எழுதிய கையை நானே அடித்தேன்.)

"அவள் ஒரு மெழுகுவர்த்தி. தன்னை உருக்கி" (ஐயையோ. அக்கா படித்தால் மரம் தேய்க்கிற உப்புத்தாளை எடுத்து என் முகத்தைத் தேய்த்துவிடுவாள்.)

"பெஞ்சுகள் மொத்தம் இருபத்து நான்கு." (இது ஆடாமல் நிற்கிறது. இதிலேயே உட்காருவோம்.)

3.

பெஞ்சுகள் மொத்தம் இருபத்து நான்கு. புதிதாகக் கட்டிய ஆலயத்துக்கு. மரவேலை அத்தானுடையது, வார்னிஷ் அக்காவுடையது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பிரதிஷ்டை ஆராதனை. அந்த வாரம் முழுக்க மழை. மழைக்காற்றில் வார்னிஷ் லேசில் காயாது. மூன்றாவது கோட், அதாவது கடைசிப் பூச்சு, வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் முடிந்தது.

[இங்கே எனக்குப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. முதல் பிரதியில் அக்காவை ஓடாய்த் தேய்ந்தவளாக, பெருமூச்சு விடுகிறவளாக எழுதியிருந்தேன். வாசகருக்கு இரக்கம் வருமே என்ற ஆசைதான். ஆனால் அது பச்சைப் பொய். அக்காவுக்கு வேலை என்றால் வெல்லம். மரத்தைத் தேய்க்கும்போது பாட்டுப் பாடுவாள், சுருதி தறிகெட்டு ஓடும். நல்ல பலகை வந்தால் "வாடா ராஜா" என்று தட்டிக்கொடுப்பாள். ஒரு கோட் அடித்துவிட்டு, சாய்ந்து விழும் வெளிச்சத்தில் அதைப் பார்க்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். எனக்குப் பொறாமையாக இருக்கும். நான் எழுதிய எதையும் நான் அப்படிப் பார்த்ததில்லை.]

அவளுக்கு உழைக்கத் தெரியும். நிறுத்தத்தான் தெரியாது. மூன்று வருடத்துக்கு முன்பு மரம் ஏற்றும்போது அத்தான் முதுகில் அடிபட்டு ஐந்து மாதம் படுத்துவிட்டார். அன்று அக்கா கையில் எடுத்த பிரஷ்ஷை இன்னும் கீழே வைக்கவில்லை. அத்தான் எழுந்தார், பட்டறைக்கு வந்தார், முன்போல மரம் இழைத்தார். அவள் மட்டும் ஒரு நாள்கூட உட்காரவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேராகப் பட்டறைக்கு ஓடுவாள்.

கையும் சும்மா இருக்காது. காய்ந்ததா காய்ந்ததா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். போன வருடம் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் செய்த மேசைகளில் அவளுடைய விரல் ரேகை ஒன்பது இடத்தில் இருந்தது. அத்தனை மேசைகளும் திரும்பி வந்தன. "அந்தப் பட்டறையா, கைவேலை நல்லாத்தான் இருக்கும், ஆனா…" என்று ஊர் இழுக்க ஆரம்பித்தது. அந்த 'ஆனா'வை அழிக்கத்தான் இந்த இருபத்து நான்கு. இதுவும் கெட்டால் பட்டறையைத் தேடி யாரும் வரமாட்டார்கள். நூறு தடவையாவது அதை என்னிடம் சொல்லியிருப்பாள்.

4.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் ஆலயத்துக்குள் போனபோது அக்கா முதல் பெஞ்சின் முன்னால் உப்புத்தாளோடு நின்றாள். கண் கலங்கியிருந்தது. அத்தான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அந்தத் தாளைக் கீழ வை."

"ஒரே ஒரு இடம்தாங்க. விரல் பதிஞ்சிடுச்சு. அஞ்சு நிமிஷத்துல தேய்ச்சு ஒரு கை பூசிடுறேன்."

"அஞ்சு நிமிஷம் தேய்ச்சா தூசி எங்க போகும்? உன் தலையிலயா வந்து உக்காரும்? பாக்கி இருபத்து மூணும் இன்னும் ஈரம்."

அக்கா திரும்பி வரிசைகளைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாதா? தூசி விழுந்தால் எல்லாம் சொரசொரவென்று ஆகிவிடும். மறுபடி முதலிலிருந்து. நாளைக் காலைக்குள் நடக்காது.

"முதல் வரிசைங்க. எல்லார் கண்ணும் இங்கதான் படும்."

"படட்டும். கதவைப் பூட்டு, வீட்டுக்குப் போவோம்."

"போயி?"

"சாப்பிட்டுத் தூங்குவோம்."

"பட்டப்பகல்லயா! இவ்வளவு வேலையை விட்டுட்டா!"

"என்ன வேலை இருக்கு? காயறது வார்னிஷோட வேலை. அதை நீ செய்ய முடியுமா?"

(இந்த இடத்தில் அக்கா மெல்லப் புன்னகைத்தாள் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் அழுதாள்.)

"நான் சும்மா உக்காந்தா எல்லாம் போயிடும்னு பயமா இருக்குங்க."

"அஞ்சு மாசம் நான் முதுகு நிமிராம கிடந்தேனே, எல்லாம் போச்சா?"

"போகாம நான் பாத்துக்கிட்டேன்."

"பகல்ல நீ பாத்துக்கிட்ட. நீ தூங்கினப்போ யாரு பாத்தா?"

"நான் எங்க தூங்கினேன்?"

"குறட்டை விட்டே. முழிச்சுக்கிட்டுக் கிடந்தவன் நான், எனக்குத் தெரியாதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா என்னை முறைத்தாள். அத்தான் விடவில்லை.

"ஆண்டவர் மனுஷனைப் படைச்சது ஆறாம் நாள். ஏழாம் நாள் ஓய்வு நாள். அப்போ அவன் வேலையில சேர்ந்த மறுநாளே லீவு."

"ஒரு வேலையும் செய்யாமலே கிடைச்ச லீவு அது!"

"அதைத்தான் சொல்றேன். அவன் உழைச்சு வாங்கினதில்ல. அவர் கொடுத்தது. நீ என்னமோ எல்லா வேலையும் முடிஞ்சாத்தான் ஓய்வுங்கிற. வேலை என்னைக்கு முடிஞ்சிருக்கு?"

அக்கா அந்த ரேகையை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு உப்புத்தாளை மடித்துப் பையில் வைத்தாள். கதவைப் பூட்டினாள். சாவியை என் கையில் திணித்தாள்.

"நான் வந்து கெஞ்சினாலும் தராதடி."

மூன்று மணிக்குப் போனில் கெஞ்சினாள். "ஜன்னல் வழியா மட்டும் பாத்துட்டு வந்துடுறேன், சத்தியமா." நான் தரவில்லை. ஐந்து மணிக்கு அத்தான் போனில் கிசுகிசுத்தார்: "தூங்கிட்டா. சத்தம் போடாத."*

\* அன்று அக்கா பதினான்கு மணி நேரம் தூங்கினாள். ஆலய மலரில் இதை யாரும் நம்பமாட்டார்கள் என்று பத்து என்று திருத்தினேன். பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. பதினான்குதான்.

5.

இதுவரை படித்துவிட்டுப் போதகர் சொன்ன முடிவு: கதவைத் திறந்தால் ரேகை மாயமாய் மறைந்திருக்கிறது. "அற்புதம் ஒண்ணு இருந்தா எடுப்பா இருக்கும்மா." ஐயா, உங்களை மதிக்கிறேன். ஆனால் அந்த ரேகை இன்னும் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் வாராவாரம் அதற்கு நேர் எதிரில்தான் நிற்கிறீர்கள்.

நான் யோசித்த முடிவு: பெஞ்சுகள் காயவில்லை, அக்கா அவமானப்படுகிறாள், ஆனாலும் மனநிம்மதி அடைகிறாள். இலக்கியத்தரமாக இருக்கும். அக்காவிடம் சொன்னேன். "ஏண்டி, நான் நல்லா இருக்கிறது உனக்குப் பொறுக்கலையா?" என்றாள்.

இன்னொன்றும் செய்யலாம். இயேசு விருந்துக்கு வந்த வீட்டில் அடுப்படியிலேயே நின்ற அக்காவையும், அவர் காலடியில் உட்கார்ந்த தங்கையையும் இழுத்து வந்து ஒரு பிரசங்கத்தோடு முடிப்பது. அதற்கும் அக்காவிடம் பதில் தயார். "அடுப்படியில நின்னவளை எல்லாரும் குறை சொல்றாங்களே, அன்னைக்கு யாராவது சாப்பிடாம போனாங்களா?"

ஆகவே, நடந்ததையே சொல்கிறேன்.

6.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தோம். கிழக்கு ஜன்னல் வெயில் பெஞ்சுகளின் மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு தூசி இல்லை. அக்கா கையை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, தொடாமல், வரிசை வரிசையாக நடந்து பார்த்தாள்.

ஒன்பது மணிக்குக் கூட்டம் வந்தது. வார்னிஷ் ஒட்டுமோ என்று வந்தவர்கள் உட்காராமல் நின்றார்கள். எல்லாரும் நல்ல துணி உடுத்தியிருந்தார்கள், பள்ளிக்கூட மேசைக் கதையும் எல்லாருக்கும் தெரியும். வெள்ளை அங்கியில் போதகரும் தயங்கி நின்றார்.

அக்கா விறுவிறுவென்று முன்னால் போனாள். தன்னிடமிருந்த ஒரே நல்ல உடுப்போடு, முதல் பெஞ்சில், ரேகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவளை ஒட்டி உட்கார்ந்தேன். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

பிரசங்கம் நீண்டது. (ஐயா, இதை வெட்டிவிடாதீர்கள்.) இருநூறு பேர் முக்கால் மணி நேரம் அழுத்தி உட்கார்ந்திருக்கிறார்கள், வெயிலும் ஏறுகிறது. அக்காவின் கை என் கையைப் பிடித்திருந்தது. கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழும்பலாம் என்றார் போதகர்.

எழுந்தோம். இருநூறு பேரும் ஒரே சமயத்தில்.

ஒரு சத்தமும் இல்லை. ஒரு 'சர்ர்' இல்லை, ஒரு நூல் இழுபடவில்லை. ஒரு பெஞ்சும் ஒருவரையும் பிடித்துக்கொள்ளவில்லை. அந்த அமைதிக்குள் அக்கா முதல் ஆளாக, சுருதி தறிகெட்டு, தொண்டை கிழியப் பாட ஆரம்பித்தாள். பின்வரிசையில் அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். நான் அழுதேன், வெட்கப்படவில்லை. அதற்குப் பிறகு ஆலயமே அதிர்ந்தது.

திங்களன்று போதகரே சாவியை நீட்டினார், அந்த ஒரு இடத்தைச் சரிசெய்துவிடச் சொல்லி. அக்கா வாங்கவில்லை.

"இருக்கட்டும் ஐயா. நான் வேலை செஞ்சதுக்கு இருபத்து மூணு பெஞ்சு சாட்சி. நான் நிறுத்தினதுக்கு இது ஒண்ணுதான் சாட்சி."

சொல்லிவிட்டு அடுத்த மரத்தைத் தேய்க்கப் போய்விட்டாள். பாட்டுச் சத்தம் தெருமுனைவரை கேட்டதாம்.

7.

இந்த எண்ணுக்குக் கீழே பாடம் வரவேண்டும். பதினொரு தடவை எழுதினேன், பதினொரு தடவையும் தேய்த்தேன். நேற்று அக்கா வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, இன்னுமா தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டிருக்க? கையை எடு."

எடுத்துவிட்டேன். எங்கேயோ என் விரலும் பதிந்துதான் இருக்கும். கண்ணில் பட்டால் படட்டும். நான் தூங்கப் போகிறேன்.

ஆனால் நீங்கள் இவ்வளவு நேரமாக இந்தக் கதையின் மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள். காய்ந்ததா இல்லையா என்று நான் சொல்வது முறையில்லை. எழுந்து பாருங்கள். எங்கேயாவது ஒட்டுகிறதா?