மற்றப் பஞ்சாங்கம்

மார்க்கண்டுவோடு குடித்தனம் நடத்தத் தனியாக ஒரு பொறுமை வேண்டும். பூரணத்திடம் இருந்த அந்தப் பொறுமையும் அன்று ஞாயிற்றுக்கிழமை காலையோடு தீர்ந்துபோனது.

மகள் செல்வநாயகிக்குக் கலியாணம் சரிவந்திருந்தது. மாப்பிள்ளை அடுத்த ஞாயிறு கிளாலியில் படகேறிக் கொழும்புக்கு வேலைக்குப் போகிறவர். போனால் இந்த யுத்தத்துக்குள் திரும்பி வருவது எப்போதோ, யாருக்குத் தெரியும்? அதற்குள் தாலி ஏற வேண்டும். மார்க்கண்டு பார்ப்பது வாக்கிய பஞ்சாங்கம். அதன்படி புதன்கிழமை. சம்பந்தி தம்பிராசா பார்ப்பது திருக்கணித பஞ்சாங்கம். அதன்படி வெள்ளிக்கிழமை. ஒருவருடைய நல்ல நேரம் மற்றவருக்கு ஆகாது. பொழுதுபடுவதற்குள் பதில் வராவிட்டால் பேச்சை விட்டுவிடுவோம் என்று பண்டத்தரிப்பிலிருந்து தம்பிராசா ஆள் அனுப்பியிருந்தார். செல்வநாயகி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் அறைக்குள் கிடந்தாள்.

“வாக்கியம் பிழைக்காது. மற்றதை நான் வீட்டுக்குள்ளையும் விடன்,” என்றார் மார்க்கண்டு. சொல்லிவிட்டுக் கிணற்றடியில் குந்தி, சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடத் தொடங்கினார். கலியாணம் குழம்புகிற நேரத்தில் மனுசனுக்கு ரியூப்!

மகளின் சாதகத்தை எடுத்துக்கொண்டு தானே பண்டத்தரிப்புக்கு நடந்து போவதென்று பூரணம் முடிவு செய்தாள். அவருடைய றங்குப்பெட்டியைத் திறந்தாள். பட்டுவேட்டிக்கு அடியில், கடதாசியால் உறை போட்ட புத்தகங்கள் அடுக்காக இருந்தன. ஒன்றைப் பிரித்தாள். திருக்கணிதம். அடுத்ததும் திருக்கணிதம். இருபத்தைந்து வருஷத்துத் திருக்கணிதம்! உள்ளே அவருடைய பென்சில் எழுத்து: ‘அத்திவாரம் – இரண்டிலும் சரி.’ ‘செல்வி காது குத்து – இரண்டிலும் சரி.’

பூரணத்துக்கு உச்சியில் ஏறியது. வீட்டுக்கு அத்திவாரம் போட நாள் கிடைக்கவில்லை என்று ஐந்து மாதம் கல்லும் மணலும் மழையில் கிடந்தன. காது குத்த நாள் கிடைப்பதற்குள் பிள்ளை தட்டாரின் கையைக் கடிக்கிற வயதுக்கு வந்துவிட்டாள். நாளில்லாமல் இல்லை, இந்த மனுசன் இரண்டையும் வைத்து ஒத்துப் பார்த்திருக்கிறார்.

புத்தகங்களை அள்ளிக்கொண்டு போய்க் கிணற்றுக் கட்டில் போட்டாள்.

“உது என்ன?”

மார்க்கண்டு நிமிர்ந்து பார்த்தார். முகம் கறுத்தது.

“வாக்கியம்தான் சரி. அதிலை எனக்கு மாற்றமில்லை.”

“அப்ப உதுகளை ஏன் வாங்கினனீங்கள்?”

“நான் பிழைச்சால் எனக்கு வரட்டும். பிள்ளைக்கு வந்தால்?” குரல் இறங்கியது. “ரெண்டிலையும் சரியான நேரம் இந்தக் கிழமை ஒண்டும் இல்லை, பூரணம். பத்துத் தரம் பார்த்திட்டன். அதுதான் ஓமெண்டு சொல்ல வாய் வரேல்லை.”

வறட்டுப் பிடிவாதம் என்று அவள் நினைத்திருந்தது உண்மையில் பயம். பூரணத்துக்கு இரக்கம் வந்தது. ஆனாலும் கோபம் போகவில்லை. திடீரென்று ஒன்று தட்டியது.

“எங்கடை கலியாணம்?”

அவர் ரியூப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

“கேக்கிறன், சொல்லுங்கோ.”

“வாக்கியத்திலை சத்தமி. நல்ல நேரம். மற்றதிலை அட்டமி துவங்கீட்டுது. நான் பிறகுதான் பார்த்தனான். அதுக்குப் பிறகுதான் ரெண்டையும் வாங்கத் துவங்கினனான்.”

இருபத்தாறு வருஷம். ஒவ்வொரு காய்ச்சலுக்கும், ஒவ்வொரு ஷெல் சத்தத்துக்கும் இந்த மனுசன் அந்த அட்டமியை நினைத்து நடுங்கியிருக்கிறார், வாய் திறக்காமல். பூரணத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“ஒண்டிலை கூடாத நேரத்திலை கட்டித்தானே இவ்வளவு காலமும் உங்களோடை மாரடிக்கிறன். செத்தே போனன்? அவளும் ஒண்டிலை கூடாத நேரத்திலை கட்டட்டும். எழும்புங்கோ, போய் வெள்ளி எண்டு சொல்லுங்கோ.”

“வாக்கியத்திலை அது—”

“தெரியும். பிழைச்சால் பழி என்ரை தலையிலை. வாக்கியத்திலை இல்லை, உங்களிலையும் இல்லை.”

மார்க்கண்டு ரியூப்பை உள்ளே தள்ளி, காற்றடித்து, சைக்கிளில் ஏறினார். படலையடி வரை போனவர் காலை ஊன்றித் திரும்பினார்.

“ஆனால் வாக்கியம்தான் சரி.”

“ஓம், ஓம், சரிதான். இருட்ட முந்திப் போங்கோ.”