மூன்றாம் நாள் வைத்தியம்

வைத்தியர் தொலொமேயோ கெஸ்ஸியைப் பற்றி இன்று பொலோஞாவில் பெருமையாகப் பேசுகிறார்கள். பேசட்டும். என் சமையல் மேஜையில் தேரையைக் கிழித்துக் குடலைப் பரப்பியவர் அவர். சாம்பல் போட்டு அந்த நாற்றத்தைத் தேய்த்தவள் நான். எனக்கும் பேச உரிமை உண்டு.

என் கணவர் தாதேயோ அவர் எழுதும் புத்தகத்துக்குப் படம் வரைந்து கொடுப்பவர். வைத்தியர் மலையேறிச் செடியோடும் ஜந்துக்களோடும் வருவார். நோயாளிகள் அவர் வீட்டு வாசலில் காத்துக் கிடப்பார்கள். பழைய நூல்களை நம்ப மாட்டார்.

"விரியன் குட்டி தாய் வயித்தைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வருமாம். எவன் பார்த்தான்?" என்று கத்துவார். எங்கள் கொட்டிலிலேயே ஒரு சினைப் பாம்பைப் பெட்டியில் போட்டு, அது குட்டி போடும்வரை கூடவே கிடந்தார். தாய் பிழைத்துக்கொண்டது. கோழிகள்தான் பயத்தில் முட்டையிடுவதை நிறுத்தின.

"கண்ணால பார்த்ததை மட்டும் வரை, தாதேயோ. போப்பாண்டவரே வந்து சொன்னாலும் மாத்தாதே" என்றார். என் கணவர் அந்தப் பேச்சில் சொக்கிப் போனார். அண்ணன் தம்பி மாதிரி திரிந்தார்கள் இருவரும்.

ஒரு வருடம் தவக்காலத்தில் எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். மருத்துவச்சி தண்ணீரை எடுத்து ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் போய்விட்டான். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றுவிட்டார் பங்குச் சாமியார் தோன் புரோஸ்பெரோ. சுவருக்கு வெளியே, ஆடு மேய்கிற இடத்தில், தாதேயோ தன் கையால் குழி தோண்டினார். அதன்பிறகு கோயில் படி மிதிக்கவில்லை. ஞாயிறு பூசைக்கு மணி அடித்தால் மகனிடம் போய் உட்கார்ந்துகொள்வார்.

ஆகஸ்டில் அவர் பிடரியில் ஒரு கட்டி கிளம்பியது. காய்ச்சலில் உடம்பு கொதித்தது. வைத்தியர் வந்து ஆளி விதை அரைத்துக் கட்டினார். மறுநாளும் வந்தார். "நாளைக்குப் பழுத்துடும். நானே கீறி விட்டுடறேன். உள்ள உடைஞ்சாத்தான் ஆபத்து" என்றார். அவர் கைக்கு இருந்த நிதானம் ஊரில் கட்டி கீறுகிற எந்த நாவிதனுக்கும் கிடையாது.

மூன்றாம் நாள் வந்தவர் வாசற்படியைத் தாண்டவில்லை.

"சாமியார்கிட்ட பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டானா, ஓர்சொலா?" என்று என்னைக் கேட்டார்.

"என்ன விளையாடுறீங்களா? அவர் யார்கிட்ட பண்ணுவார்?"

"மூணாம் நாளும் பண்ணாத நோயாளிய வைத்தியன் தொடக்கூடாது. போப்பாண்டவர் கட்டளை. பண்ணிட்டான்னு சாமிகிட்ட சீட்டு வாங்கி வை."

கட்டளை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மற்ற வைத்தியர்கள் பேருக்குக் கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். இவருக்கு மட்டும் அன்றைக்கு ஏன் அவ்வளவு பக்தி? அவர் புத்தகம் திருச்சபை விசாரணையாளரின் மேஜையில் அனுமதிக்குக் காத்திருந்தது. அவர் சரியென்றால் அச்சேறும், இல்லையென்றால் அடுப்பேறும்.

"புத்தகம் பெருசா, அவர் பெருசா?" என்று கேட்டேன்.

"அதுல அவன் வரைஞ்சதும் இருக்கும்மா. பதினாலு வருஷ உழைப்பு" என்றார். வெட்கமே இல்லாமல் சொன்னார்.

உள்ளே இருந்து தாதேயோ முனகினார். "அவரைப் போகச் சொல்லு. அந்தாள் முன்னாடி நான் மண்டி போட மாட்டேன்." நாவிதனைக் கூப்பிட ஓடினேன், வைத்தியர் கைவிட்ட உடம்பை நான் தொட மாட்டேன் என்றான். திரும்பி வந்தபோது தாதேயோவுக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை. தெளிந்ததும் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஒரு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தாயிற்று, இவரையும் கொடுக்க என்னால் முடியாது. இன்னொரு முறை நேர்ந்தாலும் அப்படித்தான் அழுவேன். "சரி, கூப்பிடு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தோன் புரோஸ்பெரோ வந்தார். கட்டிலருகே உட்காரக்கூட இல்லை.

"மத்த பாவம் அப்புறம், தாதேயோ. ஊர் முழுக்க என்னைக் கொலைகாரன் மாதிரி பேசினியே. அந்தக் குழந்தை கெடக்கிற இடம்தான் அதுக்குச் சரின்னு இவங்க முன்னாடி சொல்லு. அப்பத்தான் சீட்டு."

வைத்தியர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

தாதேயோ என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

சீட்டுக் கைக்கு வந்ததும் வைத்தியர் பாய்ந்து உள்ளே வந்தார். ஒரே கீறல். கிண்ணம் நிறையச் சீழ் வந்தது. இரண்டு வாரத்தில் என் கணவர் எழுந்து உட்கார்ந்து ரொட்டி தின்றார். ஊரே வைத்தியரின் கையைப் புகழ்ந்தது. புத்தகத்துக்கும் அனுமதி வந்தது.

ஆனால் தாதேயோ பென்சிலைத் தொடவில்லை. குளிர் விட்டதும் வைத்தியர் வந்தார், அச்சடித்த புத்தகத்தோடு, வாயெல்லாம் பல்லாக.

"அடுத்த பாகம் பறவைகள். பாதியில நிக்குது. எப்ப உட்காரலாம்?"

"என்னால முடியாது, வைத்தியரே."

"ஏன், கை நல்லாத்தானே இருக்கு? உசுரோட இருக்கியே, தாதேயோ! என் மேல இன்னும் என்ன கோவம்?"

"உங்க மேல கோவம் இல்ல. என் புள்ளையைப் பார்க்கப் போக முடியல. அவன் கெடக்கிற இடம் அவனுக்குச் சரின்னு என் வாயாலயே சொல்லிட்டேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவன் பக்கத்துல போய் உட்காருவேன்?"

வைத்தியர் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"அப்ப, முடிச்ச படங்களையாவது நான் எடுத்துக்கிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார்.

தாதேயோ மறுபேச்சில்லாமல் அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார். வைத்தியர் ஜன்னல் பக்கம் போய் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். "இந்த ஆட்காட்டிக் குருவி பிரமாதம், தாதேயோ. அப்படியே இருக்கு" என்றார்.