முதல் வேட்டுக்கு விழுந்தவர்

பாகிஸ்தான் சண்டையில் பக்கத்திலேயே குண்டு வெடித்ததிலிருந்து அண்ணன் பரசுராமனுக்குப் பெயர்கள் மறந்துவிடும். வெடிச்சத்தம் கேட்டால் தரையில் படுத்துவிடுவார். இரண்டும் தெரியவருமுன் கல்யாணத்தை முடித்துவிடுவது அம்மாவின் திட்டம். பெண்ணின் அப்பா கண்ணாயிரம், மகள் ஜெயம்மாளோடு மாப்பிள்ளை பார்க்க வந்த இடமோ கருடசேவைக் கூட்டம்.

பெருமாள் கோபுர வாசலைத் தாண்டுமுன்பே அதிர்வேட்டு வெடித்தது. அண்ணன் கண்ணாயிரத்தையும் இழுத்துக்கொண்டு குப்புற விழுந்தார். பெருமாள் வந்துவிட்டார் என்று நினைத்து, பின்னாலிருந்த கூட்டமும் விழுந்து சேவித்தது.

கண்ணாயிரம் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "இன்னா பக்திமா. என்னையும் சேத்து சேவிக்க வெச்சிட்டாரே. இவருதான் மாப்ள."

"பெருமாளு அந்தப் பக்கம் வராருபா. இவரு அந்தப் பக்கமே காலை நீட்டிக்கினு கீறாரு," என்றாள் ஜெயம்மாள்.

அம்மா கண்களை மூடிக்கொண்டாள்.

காதைப் பொத்திக்கொண்டு கிடந்த அண்ணனின் அருகில் ஜெயம்மாள் உட்கார்ந்தாள். சற்றுமுன் அறிமுகமானவளை அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க யாரு?"

"ஜெயம்மா. மறந்துட்டா திரும்பக் கேளுங்க." பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "கல்யாணத்துல மேளம் இருக்கட்டும்பா. வேட்டு மட்டும் வேணாம்."