செவ்வாய்க்கிழமை காலியாகக் கிடந்த பாலம்

1
இந்தக் கதை ஓர் அடிக்குறிப்பாகப் பிறந்தது. பொதுப்பணத்தில் கட்டப்படும் விளையாட்டு அரங்குகளைப் பற்றி நான் எழுதிய அறிக்கையின் அடியில், லோர்னா பாவ்லிக் என்ற பெண்மணி கேட்ட ஒரு கேள்வியைப் பொடி எழுத்தில் சேர்த்திருந்தேன். இது தரவு அல்ல என்று பதிப்பாசிரியர் அடித்துவிட்டார். அவர் செய்தது சரிதான், அதனால்தான் எரிச்சல்.

2
ஒஹாயோ ஆற்றின் மேல் பனி மெல்ல இறங்கிய அந்த

வேண்டாம். (பனியில் தொடங்குகிறவருக்குச் சொல்ல விஷயமில்லை என்று அர்த்தம்.)

லோர்னாவின் கணவர் எமிலிடமிருந்து தொடங்குகிறேன். புது அரங்கம் கட்டித் தராவிட்டால் எங்கள் ஊர் அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று அதன் முதலாளி மிரட்டினார். அதற்காக விற்பனை வரியை உயர்த்தலாமா என்று மாவட்டத்தில் ஓட்டெடுப்பு வந்தது. ஆட்டத்துக்கு முன்னால் வண்டி நிறுத்துமிடத்திலேயே அடுப்பு மூட்டி சாசேஜ் வாட்டுவது எங்கள் வழக்கம். ‘ஆம்’ போடுகிறேன் என்றவர்களுக்கெல்லாம் எமில் ஒரு சாசேஜ் கொடுத்தார். ஓட்டுக்குப் பிரியாணி கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஆனால் இவரை யாரும் ஏவவில்லை, அணிமேல் அவ்வளவு பிரியம். ஜெயித்தோம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டு, அதற்கு வெடியும் வெடித்தோம்.

3
வேறெந்த அரங்கில் புதிதாக எது வந்தாலும் எங்கள் மாவட்டமும் அதை வாங்கித் தர வேண்டும் என்பது அணியோடு போட்ட ஒப்பந்தம். ராட்சதத் திரை வாங்கிய வருடம், பணமில்லை என்று மாவட்ட ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவை மூடினார்கள். அதற்கடுத்த வருடம் எமிலுக்கு நெஞ்சுவலி வந்தது. மிச்சமிருந்த ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப்பக்கம்.

ஆட்டம் முடிந்து திரும்பிய கார்களுக்கு நடுவே ஆம்புலன்ஸ் சிக்கிக்கொள்ள, அரங்கத்தின் ஆரவாரம் காதில் விழ, எமில்

பொய். அன்று செவ்வாய்க்கிழமை, ஆட்டமே இல்லை. பாலம் காலியாகக் கிடந்தது. ஆம்புலன்ஸ் பறந்துதான் போயிற்று, அப்படியும் வழியிலேயே போய்விட்டார். பழைய அவசரப் பிரிவு திறந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது.

4
லோர்னாவைக் கோபக்காரியாக எழுத எனக்கு ஆசை. அவரோ இன்றும் ஞாயிறுதோறும் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்காருகிறார். அணியைப் பற்றி ஒரு சொல் குறைத்துப் பேச விடமாட்டார். அறிக்கைக்காக நான் அவர் வீட்டுக்குப் போன அன்று, எனக்குக் காப்பி ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“நீ படிச்சவ கண்ணு, சொல்லு. அன்னைக்கு ஓட்டு கேட்டு அலையாம சும்மா இருந்திருந்தா, இப்ப உசுரோட இருந்திருப்பாரா?”

ஒரு மனுஷனால் ஓட்டெடுப்பே மாறிவிடாது என்று இழுத்தேன்.

“அவர விடு. அவரு சும்மா பேசிக்கிட்டுதான் நின்னாரு. வாட்டி வாட்டிக் குடுத்தது நான்தான்.”

5
‘இல்லை’ என்று முடித்தால் அவர் இன்றிரவு தூங்குவார். ‘இருந்திருப்பார்’ என்று முடித்தால்... என் அறிக்கை முழுக்க அதைத்தானே சுற்றிச் சுற்றிச் சொல்கிறது. நிஜத்தில் நான் சொன்னது, தரவு போதாது என்பது. அவர் தலையாட்டிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனார். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அந்த நாற்காலியிலிருந்து நான் எழுந்துகொள்கிறேன். நீங்கள் உட்காருங்கள். லோர்னா கேட்டாயிற்று, உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.