மாடி வைத்த மிக்சர்

1

இந்தக் கதை என் இடுப்பில் பிறந்தது. எழுதுகிறவர்கள் கதை கனவில் வந்தது, நெஞ்சில் ஊறியது என்றெல்லாம் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆறு நாள் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு, ஏழாம் நாள் கெங்கம்மாவின் சவுண்ட் செட்டைத் தூக்கப் போகிறவன் நான். பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற அவளுடைய மிக்சரை மரப்பெட்டியோடு தூக்க இரண்டு ஆள் வேண்டும். எக்கோ மெஷின், ஈக்வலைசர் எல்லாம் அடுக்கிய இரும்பு ரேக்குக்கு இன்னும் இரண்டு ஆள். 2006ஆம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவொற்றியூர் ஹவுசிங் போர்டு மொட்டை மாடிக்கு அந்த ரேக்கை ஏற்றும்போது என் இடுப்பில் 'படக்' என்றது. அந்தப் 'படக்'தான் கதையின் முதல் வரி.

அதற்கு மேல் எப்படிப் போவது என்று தெரியவில்லை. மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன். அடித்ததையும் அப்படியே விட்டு வைக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டக் கற்றவனுக்கு, எழுதினதைக் கிழிக்க மனசு வராது.

முதலாவது: "வங்கக் கடலின் அலைகள் ஆர்ப்பரிக்க, அந்தி சாயும் அந்த வேளையிலே—"

(விட்டுவிட்டேன். அன்றைக்குக் கடல் சும்மாதான் கிடந்தது.)

இரண்டாவது: "டிஜிட்டல் மிக்சர் என்பது சத்தத்தை எண்களாக மாற்றி—"

(இது கடைக்கார சுயம்பு சொன்னது. அவர் சொன்னபோது புரிந்த மாதிரி இருந்தது. எழுதும்போது புரியவில்லை.)

மூன்றாவது: "ரயில் வருவது கெங்கம்மாவுக்கு எல்லாருக்கும் முன்னால் கேட்கும்."

இது நிற்கும். இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

2

ரயில் வருவது கெங்கம்மாவுக்கு எல்லாருக்கும் முன்னால் கேட்கும். கும்மிடிப்பூண்டி வண்டி எங்கேயோ வரும்போதே, பாடுகிறவன் மைக்கை அரை விரல் மேலே தள்ளுவாள். வண்டி தடதடவென்று கடக்கும்போது பாட்டு அமுங்காது. கடைசிப் பெட்டி போனதும் அவள் விரலும் இறங்கிவிடும். கேட்கிற சனத்துக்கு ரயில் போனதே தெரியாது. மைக் வயரில் ஈரம் ஏறியிருந்தால், "மூக்கடச்ச மாரி கீது, வயர மாத்து" என்பாள். மாற்றினால் சரியாகிவிடும். பத்து வருஷமாகப் பார்க்கிறேன். எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

அவள் புருஷன் கோதண்டம் டெம்போ ஓட்டுவான், வயர் இழுப்பான். செட்டின் பெயர்ப்பலகையில் இருப்பது அவன் பெயர். மிக்சரில் உட்காருவது அவள். ஊர் இதை முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. சவுண்ட் நன்றாக இருந்தால் "கோதண்டம் செட்டு சோக்கா கீதுபா" என்பார்கள். எங்கேயாவது ஒரு கீச்சுக் கேட்டுவிட்டால், "பொம்பள உக்காந்துகினு கீது, வேற எப்டி இருக்கும்?" என்பார்கள். ஒரே ஒரு கச்சேரி கெட்டுப்போனால் போதும், அவளை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பிவிடுவார்கள். அது அவளுக்கும் தெரியும்.

அவள் மிக்சரில் எழுத்துக் கிடையாது. எல்லாம் ஸ்டிக்கர் பொட்டு. மேலும் கீழும் தள்ளுகிற ஒவ்வொரு ஃபேடருக்குப் பக்கத்திலும் ஒரு நிறம். சிவப்பு, பாடுகிறவன். பச்சை, டோலக். மஞ்சள், கீபோர்டு. எந்த உயரத்தில் பொட்டு இருக்கிறதோ அந்த உயரத்தில் ஃபேடர் நின்றால் சவுண்ட் சரி. மறதிக்கு இடமே இல்லை.

(இங்கே ஒரு சந்தேகம். நான் அவளைக் கொஞ்சம் அதிகமாகப் புகழ்கிறேனோ? கதையில் ஆளுக்கு ஒரு குறை இருக்க வேண்டும் என்கிறார்கள். யோசித்துப் பார்த்தேன். டீயில் சர்க்கரை அதிகம் போடுவாள். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. பொறுங்கள், ஒரு தப்புப் பண்ணப் போகிறாள்.)

3

என் இடுப்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டே கோதண்டம் "ரெண்டு நாள்ல சரியாப் பூடும் மாமு" என்றான். கெங்கம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"இன்னொருத்தன் இடுப்ப ஒடச்சி நான் பாட்டு போட வோணாம். வேற மிக்சரு பாக்கலாம்."

மூன்று பேரும் யானைக்கவுனிக்குப் போனோம். சுயம்பு தெற்கத்திக்காரர். பழைய சவுண்ட் சாமான் வாங்கி விற்கிற கடை. ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவிலிருந்து வந்த டிஜிட்டல் மிக்சரைத் துணி விலக்கிக் காட்டினார், பொண்ணு காட்டுகிற மாதிரி.

"யக்கா, ஃபேடரு பதினாறுதான். ஆனா முப்பத்திரண்டு லைனு ஓட்டலாம்."

"பதினாறுல முப்பத்திரண்டு எப்டி பூரும்?"

"மாடி இருக்குலா! கீழ பதினாறு, மேல பதினாறு. இந்தப் பட்டன அமுக்குனா மாடிக்குப் போயிருவிய."

அமுக்கினார். பதினாறு ஃபேடரும், யாரும் தொடாமல், 'சர்ர்ர்' என்று தானாக நகர்ந்து வேறு வேறு இடத்தில் போய் நின்றன. கோதண்டம் ஒரு அடி பின்னால் போனான்.

"இன்னா நைனா, உள்ள யார்னா குந்திகினு கீறாங்களா?"

"மோட்டாருண்ணே."

"எங்க வூட்ல நான் பத்து தபா சொன்னாலும் ஒன்னும் நவுராது."

கெங்கம்மா சிரிக்கவில்லை. "இன்னொரு தபா அமுக்கு" என்றாள். ஃபேடர் நகரும்போது ஒன்றின் மேல் விரலைச் சும்மா வைத்தாள். அது அவள் விரலையும் கூட்டிக்கொண்டு போய் நின்றது. அப்போது அவள் மனசில்—

(தெரியாது. மனசுக்குள் போய் எழுத எனக்குத் தைரியம் இல்லை. முகத்தைச் சொல்கிறேன். பிறந்த குழந்தை முதல்முதலாக விரலைப் பிடித்தால் ஒரு முகம் வருமே, அது.)

எக்கோ, ஈக்வலைசர் எல்லாம் உள்ளேயே இருக்கிறதாம். ரேக்கே வேண்டாமாம். செட் பண்ணினதை நம்பர் போட்டு ஞாபகத்திலும் வைத்துக்கொள்ளுமாம். கூப்பிட்டால் ஃபேடர்கள் பழைய இடத்துக்கே போய் நிற்குமாம். எனக்கு அதெல்லாம் வேண்டாம். நான் தூக்கிப் பார்த்தேன். தனியாக. கீழே வைத்துவிட்டு, நம்பாமல் மறுபடியும் தூக்கினேன். மிக்சர் வாங்குகிறவர்கள் என்னென்னவோ பார்ப்பார்கள். இந்த ஒரு பரீட்சையையும் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் சிபாரிசு.

"பழசுக்கு இதுன்னு மாத்திக்கிடலாம். ஒரு கச்சேரி ஓட்டிப் பாருங்க" என்றார் சுயம்பு. "ஆனா பழச எடுக்க சடையங்குப்பத்துல ஒரு பார்ட்டி காத்துக்கிட்டு இருக்கு. திங்கக்கிழம காலைல ரெண்டுல ஒன்னு இங்க வந்துரணும். எதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க யக்கா. ஒருக்க குடுத்துட்டா திருப்பிக் கேக்கப்படாது."

4

அந்த ஒரு கச்சேரி, அடுத்த ஞாயிறு வந்த வேலப்பனின் பதினாறாம் நாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். எங்கள் பக்கம் பதினாறாம் நாள் என்றால் படத்தைத் திறந்து வைத்து, தெருவில் மேடை போட்டு, கானா பாடி, செத்தவரைப் பற்றி நாலு பேர் பேச வேண்டும். பாட எழிலன் வந்திருந்தான்.

மத்தியானமே கெங்கம்மா புது மிக்சருக்குப் பொட்டு வைத்துவிட்டாள். மூன்றாவது ஃபேடர் பக்கத்தில் சிவப்பு. பழசில் எப்படியோ அப்படியே. கீழ் மாடி முழுக்கப் பாட்டு, மேளம். இடம் பத்தாததால் சோக இசை ஓடுகிற சி.டி.யையும், மேடை ஓரம் ஸ்பீக்கர் முன்னால் கிடந்த உபரி மைக்கையும் மேல் மாடியில் குடி வைத்தாள்.

ஆறு மணிக்கு எழிலன் பாடினான். நான் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். சொன்னால் நம்புங்கள், அவன் மூச்சு எடுப்பது கடைசி வீட்டுக்குக் கேட்டது. டோலக்கில் விரல் விழுவதும் உள்ளங்கை விழுவதும் தனித்தனியாகக் கேட்டது. பத்து வருஷம் தூக்கின பெட்டிக்குள்ளே இவ்வளவு இருந்ததா என்று—

(சரி, போதும். விஷயத்துக்கு வருகிறேன்.)

பாட்டு முடிந்து, வேலப்பனின் மனைவியைப் பேசச் சொன்னார்கள். அந்த அம்மா மைக்கைத் தொட்டதே இல்லை. எழிலன் தன் மைக்கை அவர் கையில் கொடுத்தான். பின்னால் சோக இசை ஓடிக்கொண்டிருந்தது. அதைக் குறைக்கக் கெங்கம்மா மேல் மாடிக்குப் போனாள். குறைத்தாள். இறங்கி வர மறந்தாள்.

"அவுரு..." என்றது அந்த அம்மா. குரல் வெளியே வரவில்லை. கெங்கம்மா சிவப்புப் பொட்டைப் பார்த்து மூன்றாவது ஃபேடரைத் தள்ளினாள். பத்து வருஷப் பழக்கம். ஆனால் மேல் மாடியில் மூன்றாவது ஃபேடர் எழிலன் மைக் இல்லை. ஸ்பீக்கர் முன்னால் கிடந்த அந்த உபரி மைக்.

ஸ்பீக்கர் ஊளையிட்டது. காதில் கம்பியை விட்ட மாதிரி. அந்த அம்மா மைக்கைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டது. குழந்தைகள் அழுதன. கூட்டத்தில் ஒருத்தன் எழுந்தான்.

"யோவ் கோதண்டம்! பொம்பளகிட்ட குட்த்துட்டு இன்னாயா வேடிக்க பாக்கற? நீ போய் குந்துயா!"

"எனுக்கு வயரு சுத்தத்தான் தெரியும்" என்றான் கோதண்டம். "நீ வர்றியா, சேந்து சுத்தலாம்?"

5

இந்த இடத்தில் கெங்கம்மா என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் பெட்டிக்குப் பின்னால் இருந்தேன். இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று: மத்தியானம் ஞாபகத்தில் போட்டு வைத்த நம்பரைக் கூப்பிட்டாள். பதினாறு ஃபேடரும் அணிவகுத்து அதனதன் இடத்துக்கு வந்தன. மெஷின் காப்பாற்றியது.

இரண்டு: கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கீழே இழுத்தாள். ஒவ்வொன்றாகக் காதால் தேடி ஏற்றினாள். காது காப்பாற்றியது.

(அவளிடமே கேட்டேன். "இன்னாத்துக்கு கேக்கற? சவுண்டு வந்துச்சா, இல்லியா?" என்றாள். எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.)

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மூன்று எண்ணுவதற்குள் ஊளை நின்றது. பிறகு, பத்து வருஷத்தில் முதல் தடவையாக, கச்சேரி நடுவில் கெங்கம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள். முடிந்தது, இறங்கிப் போகப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும்தான். அவள் மேடை ஏறினாள். கீழே கிடந்த மைக்கை எடுத்து, முந்தானையால் துடைத்து, அந்த அம்மாவின் கையில் வைத்தாள்.

"நீ பேசுமா. ஆனா ரயிலு வருது. அது போவட்டும். அப்பால பேசு."

ரயிலா? யாருக்கும் கேட்கவில்லை. எழுந்தவன் நின்றபடியே காதைத் தீட்டினான். தெருவே காத்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது, தடதடவென்று. அதற்குள் அவள் மிக்சரில் உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பெட்டி போனது. எழுந்தவன் உட்கார்ந்தான்.

"டூட்டிக்குப் போறப்ப 'சாப்டியா'ன்னு கேட்டுட்டுத்தான் போவாரு" என்றது அந்த அம்மா. மெதுவாகத்தான் பேசியது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்டது. "அன்னிக்கும் கேட்டாரு. ஏதோ கோவத்துல நான் பதில் சொல்லல."

படத்தின் பக்கம் திரும்பியது.

"சாப்ட்டேங்க."

கடைசி வீடு வரைக்கும் கேட்டது.

6

செட்டைக் கட்டும்போது பார்த்தேன். கெங்கம்மா புது மிக்சரிலிருந்து பொட்டை எல்லாம் உரித்து, இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வரிசையாக ஒட்டியிருந்தாள்.

"மெஷின் மேல தப்பில்ல" என்றாள். "ஒரே வாசல்ல ரெண்டு குடித்தனம். நான் பாட்டுக்கு ஒரே பேர்ப்பலகைய மாட்டி வெச்சிட்டேன். தபால்காரன் இன்னா பண்ணுவான்? மாடிக்கு ஒரு பலகை வெச்சி, ஏறி எறங்கறப்ப மாத்தி மாட்டிகினே இருக்கணும்."

"அப்ப இதையே எடுக்கறியா?"

"பழசு பத்து வர்சமா என்ன ஏமாத்தல" என்றாள். அவ்வளவுதான்.

முடிவு ஒன்று: திங்கட்கிழமை காலை, கெங்கம்மா புது மிக்சரைத் துணியில் சுற்றி, சுயம்புவின்—

முடிவு இரண்டு: திங்கட்கிழமை காலை, பத்து வருஷப் பொட்டுத் தடத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பழைய மிக்சரை—

இரண்டையும் முடிக்கவில்லை. அந்தக் காலையில் நான் கூட இல்லை, துறைமுகத்தில் இருந்தேன். மத்தியானம் கோதண்டம் துறைமுக வாசலுக்கு வந்தான். "எத்த எடுத்தீங்க?" என்றேன். "அவளாண்டயே கேளு மாமு" என்று சிரித்தான். போகிறவன் திரும்பி வந்தான்.

"உங்க ஷெட்டுல பழைய காலண்டர் அட்டை கீதா? ஃபேடரு நீளத்துக்கு வெட்டிக் குடு. பொட்டு ஒட்ட."

"ஒன்னு போதுமா?"

"ரெண்டு வோணும்."

வெட்டிக் கொடுத்தேன். என் வேலை அதோடு சரி. முடிவை உங்களிடம் இறக்கி வைக்கிறேன், தூக்கிக்கொண்டு போங்கள். இடுப்பைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஒரு ஆள் போதும்.