நாலடி விலகிய மரங்கள்

பூங்காச் சாலைக்கு நூறு வயது ஆனது. நடுவில் வண்டிகள், இருபுறமும் மரங்கள், மரத்தடியில் நடைபாதை என்று முதலில் யோசித்த மேதை வரைந்த படம், ஏதோ ஒரு பழைய அலமாரியில் கிடைத்தது. கரையான் மேதையின் கையெழுத்தை மட்டும் தின்றிருந்தது. உடனே பாரம்பரியக் குழு ஒன்று பிறந்தது. மூல வடிவத்தை மீட்டே தீருவதாக முடிவானது.

அளக்கும் வேலை தோட்டக்காரருக்கு வந்தது. முப்பது வருஷம் தண்ணீர் ஊற்றியவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்டதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அங்குலம் பிசகாமல் அளந்து எழுதிக் கொடுத்தார்: அறுபத்திரண்டு மரங்களும் படத்திலுள்ள வட்டங்களை விட்டு நாலடி விலகி நிற்கின்றன.

குழுத் தலைவரான பொறியாளர் ஆடிப்போனார். "நூறு வருஷமா தப்பான எடத்துல நிக்குதா!"

"சார், படத்துல இருக்கற எடத்துக்குக் கீழ பெரிய தண்ணிக் குழாய் போகுது. அது தெரிஞ்சுதான் தள்ளி நட்டிருக்காங்க."

"எழுத்துல இருக்கா?"

"குழாய் இருக்கு சார்."

"குழாயை யாருய்யா கேட்டா?"

ஏழாவது மரத்தடியில் தோட்டக்காரரின் மனைவி இஸ்திரி வண்டி போட்டிருந்தாள். கரிப்பெட்டியின் அனலோடு வெயிலும் சேர்ந்தால் அங்கே நிற்க முடியாது.

"நேரா இருக்குன்னு எழுதியிருந்தா உங்க டேப்பு அறுந்தா போயிருக்கும்?"

"அளந்ததைத்தானே எழுதணும்."

"வீட்டுல ஒரு ஆணி நேரா அடிச்சதில்ல. ஊருக்குன்னா மட்டும் அங்குல சுத்தம்!"

மரங்களை வெட்டிவிட்டு வட்டத்தில் புதுக் கன்று நட வேண்டாமென்று கேட்டு அவர் மூன்று முறை குழுவிடம் நடந்தார். மூன்றாவது முறை உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார்கள். மறுநாள் மரங்களை அறுத்தார்கள்.

கன்று நடத் தோண்டிய முதல் குழியிலேயே குழாய் தட்டுப்பட்டது. பொறியாளர் அசரவில்லை. படத்தில் உள்ளபடி, நடைபாதை மீது பச்சைப் பெயிண்டில் அறுபத்திரண்டு வட்டங்கள் போடச் சொன்னார். போட்டவர் தோட்டக்காரர்தான். விழாவில் பேசிய பிரமுகர், இப்படியொரு ஒழுங்கைக் கண்டதில்லை என்று கண்கலங்கினார். வெயில் கூசியது என்றும் சொல்கிறார்கள்.

மறுநாள் மனைவி வண்டியைத் தள்ளிவந்து நிறுத்தி, முதல் சட்டையை மடிப்பதற்குள் பொறியாளரின் ஜீப் வந்து நின்றது.

"ஏம்மா, மரத்து மேல வண்டிய ஏத்தி வெச்சிருக்கியே, கண்ணு தெரியல?"

"தெரியல சார். நிழலை வெச்சுத்தான் மரம்னு கண்டுபிடிச்சுப் பழக்கம்."

ஜீப்பில் கூட வந்திருந்த தோட்டக்காரர் இறங்கி வண்டியைத் தள்ளி நிறுத்தினார். பிறகு குந்தி உட்கார்ந்து, சக்கரம் கீறிய இடத்துக்குப் பச்சை பூசினார்.